பக்கத்து வயலில் ஆபீஸ் கட்டடம் வருதா? ஜேசிபி வருவதற்கு முன் பார்க்க வேண்டிய காகிதம்!

குற்றாலத்தில் குளித்துவிட்டுத் திரும்பும் கார்களில் பாதி, ஈரத் துண்டைக் கண்ணாடியில் தொங்கவிட்டபடியே இன்னோர் ஊருக்கும் வண்டியைத் திருப்பும். சுந்தரபாண்டியபுரம். மணிரத்னத்தின் 'ரோஜா' 1992-ல் வந்தது. அதில் கதாநாயகியின் ஊர்ப்பெயரே இதுதான். சாரல் காலத்தையொட்டி இங்கே சூரியகாந்தி பூத்துவிட்டால் கேரளப் பதிவெண் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். வயலுக்குள் இறங்கி செல்ஃபி எடுப்பவர்களை விரட்டுவதே விவசாயிகளுக்குத் தனி வேலையாகிவிடும்.

இந்த ஊரில் ஒரு காலைப்பொழுதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பூ முடிந்து அறுவடையும் ஆன ஒரு வயலில் ஜேசிபி நிற்கிறது. நான்கு மூலையிலும் கல் ஊன்றியாகிவிட்டது. பால் வாங்கப் போன அம்மா நின்று கேட்கிறார்.

"என்ன அண்ணாச்சி, கல்யாண மண்டபமா?"

"இல்ல தாயி, கம்பெனி ஆபீஸ் வருதாம். மூணு மாடி."

அவ்வளவுதான். பெரும்பாலான ஊர்களில் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வணிகக் கட்டடத்தைப் பற்றிக் கிடைக்கும் முதல் தகவல் இதுதான். அதற்குள் வரைபடம் போட்டு, கட்டணம் கட்டி, ஆய்வும் முடிந்து, அனுமதியும் வந்திருக்கும். அல்லது எதுவுமே வாங்காமல் வேலை தொடங்கியிருக்கும். இந்த இரண்டில் எது நடந்திருக்கிறது என்பதுகூட, பால் பாத்திரத்தோடு நிற்கும் அந்த அம்மாவுக்குத் தெரிய வழியில்லை.

'ஆபீஸ் வந்தால் நல்லதுதானே' என்று ஒரு குரல் வரும். அது நியாயமான குரல். தென்காசி வட்டாரத்தில் அதற்குக் கண்ணெதிரே உதாரணமும் இருக்கிறது.

மத்தளம்பாறை சொன்ன பாடம்

தென்காசிக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது மத்தளம்பாறை. ஸோஹோ நிறுவனம் 2011-ல் தென்காசியில் சிறிய அளவில் ஓர் அலுவலகத்தைத் தொடங்கியது. கிராமத்திலிருந்து உலகத்துக்கு சாஃப்ட்வேர் என்பது அன்று கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு மத்தளம்பாறையில் வளாகம் வந்தது. வாடிக்கையாளர் சேவைக்கான 'ஸோஹோ டெஸ்க்' என்ற மென்பொருள் உருவானதே இந்தத் தென்காசி அலுவலகத்தில்தான். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவிலிருந்து வந்து இங்கேயே குடியேறினார். 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வேட்டி கட்டி சைக்கிளில் போகும் அவருடைய படம் நாடு முழுக்கச் சுற்றியது.

இதன் அருமை தென்காசி, சுரண்டை, ஆய்க்குடி, பாவூர்சத்திரம் பக்கத்துப் பெற்றோருக்குத்தான் தெரியும். பொண்ணு இன்ஜினீயரிங் முடித்தால் சென்னையில் ஹாஸ்டல், பெங்களூரில் பி.ஜி என்றிருந்த நிலையில், காலையில் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய் மாலையில் திரும்பலாம் என்றால் அது சாதாரண விஷயம் இல்லை. குறிப்பாக, 'வெளியூருக்கு அனுப்ப மாட்டோம்' என்ற ஒரே காரணத்தால் படிப்பைச் சான்றிதழோடு நிறுத்திக்கொண்ட பெண்களுக்கு.

எனவே கேள்வி 'ஆபீஸ் வேண்டுமா, வேண்டாமா' என்பதில்லை. அந்தக் கட்டடம் அந்த இடத்துக்குத் தாங்குமா என்பதுதான். அதைக் கேட்பதற்காகவே சட்டத்தில் ஒரு நடைமுறை இருக்கிறது. அதற்குப் பெயர் திட்ட அனுமதி.

ஒன்றல்ல, இரண்டு காகிதம்

'பிளான் அப்ரூவல் வாங்கியாச்சு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது இரண்டு அனுமதிகள். அந்த நிலத்தில், அந்தப் பயன்பாட்டுக்கு, அந்த அளவில் கட்டலாம் என்று சொல்வது திட்ட அனுமதி. இது தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-ன் கீழ் வருகிறது. கட்டடம் எழுப்ப உள்ளாட்சி அமைப்பு தருவது கட்டட அனுமதி. பேரூராட்சி என்றால் இதில் கையெழுத்து போடுபவர் செயல் அலுவலர். நீங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரோ, வார்டு கவுன்சிலரோ இல்லை. 'கவுன்சிலர் ஓகே சொல்லிட்டார்' என்பது ஒரு அனுமதியே அல்ல.

சுந்தரபாண்டியபுரம் ஒரு பேரூராட்சி. இதுபோன்ற ஊர்களில் வீடுகளுக்கு உள்ளாட்சியே தரக்கூடிய அனுமதியின் எல்லை பெரிது. வணிகக் கட்டடம் என்றால் அது சுமார் 2,000 சதுர அடியோடு சுருங்கிவிடும். ஒரு மருந்துக்கடை, மேலே ஒரு ஜெராக்ஸ் கடை, அவ்வளவுதான். அதைத் தாண்டிய ஆபீஸ் கட்டடம் என்றால் கோப்பு நகர் ஊரமைப்புத் துறைக்கு, அதாவது டிடிசிபிக்குப் போக வேண்டும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையைச் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்கள் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி பெறும் வசதி அது. வீட்டுக்கு மட்டும்தான். வீடு என்று சொல்லி அனுமதி வாங்கி, மாடியில் ஐம்பது கம்ப்யூட்டரை வைத்தால் அது வேறு கதை.

சட்டம் கேட்கும் மூன்று கேள்விகள்

1971 சட்டத்தின் 49-வது பிரிவு, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்கிறது. அனுமதி எந்தக் காரியத்துக்குக் கேட்கப்படுகிறது? அந்தக் காரியத்துக்கு அந்த இடம் பொருத்தமா? அந்தப் பகுதியின் எதிர்கால வளர்ச்சிக்கும் பராமரிப்புக்கும் அது ஒத்துவருமா? மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்தப் பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி இல்லை. 50 வருடத்துக்கு மேலாகியும் இல்லை.

லண்டனில் ஹாரோ பக்கம் வசிக்கும் தமிழர்களிடம் கேட்டுப் பாருங்கள். தெருவில் ஏதாவது கட்டடம் வரப்போகிறது என்றால் விளக்குக் கம்பத்தில் ஒரு நோட்டீஸ் தொங்கும், அல்லது வீட்டுக்குக் கடிதம் வரும். இங்கிலாந்தில் பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 21 நாள் அவகாசம் தர வேண்டும். வரைபடம் முழுவதும் கவுன்சில் இணையதளத்திலேயே இருக்கும். 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் என்றால் முடிவெடுக்க 13 வாரம், சிறியது என்றால் 8 வாரம். ஆட்சேபம் சொன்னால் கட்டடம் நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. பல நேரங்களில் நிற்காது. ஆனால் 'ஜன்னல் எங்க வீட்டுப் படுக்கையறையைப் பார்க்கிறது' என்று ஒரு பாட்டி எழுதிய கடிதத்துக்கும் அதிகாரி தன் அறிக்கையில் ஒரு வரி பதில் எழுதியாக வேண்டும். நம் ஊரில் அந்தப் பாட்டிக்குக் கிடைப்பது சிமென்ட் தூசி.

அங்கேயும் வேறு தலைவலிகள் உண்டு. ஒரு வீட்டுக் கொல்லையில் அறை கட்டுவதற்கே மாதக்கணக்கில் இழுக்கும். ஆனாலும் அந்தக் கம்பத்து நோட்டீஸ் ஒன்றை மட்டுமாவது இங்கே கடன் வாங்கலாம். செலவு ஒரு பேப்பர், கொஞ்சம் கம்பி.

நிலத்தின் வகைதான் முதல் வடிகட்டி

நம்மிடம் வாசல் முழுவதும் மூடியும் இல்லை. வயலாக இருந்த இடத்தில் ஆபீஸ் வருகிறது என்றால், கட்டட வரைபடத்துக்கு முன்னால் இன்னொரு படி இருக்கிறது. நிலப் பயன்பாட்டு மாற்றம்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. விளைநிலங்கள் கண்டபடி மனைகளாவதைப் பார்த்த சென்னை உயர் நீதிமன்றம், 2016 செப்டம்பரில், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. தமிழ்நாடே சில மாதங்கள் ஸ்தம்பித்தது ஞாபகம் இருக்கலாம். பெண்ணின் கல்யாணத்துக்காக வாங்கிப் போட்ட மனையை விற்க முடியாமல் தவித்த குடும்பங்கள் எத்தனையோ. அதன் தொடர்ச்சியாகத்தான் 2017 மே மாதம், பழைய மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகளும், திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கான விதிகளும் வந்தன.

ஆகவே ஊரில் யாரும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'எத்தனை மாடி' என்பது அல்ல. 'இந்த சர்வே நம்பர் முழுமைத் திட்டத்துக்குள் வருகிறதா, வெளியே இருக்கிறதா?' என்பதுதான். உள்ளே இருந்தால் அந்த இடம் குடியிருப்பா, வணிகமா, விவசாயமா என்று திட்ட வரைபடத்தில் ஏற்கெனவே நிறம் பூசியிருப்பார்கள். விவசாயம் என்று இருப்பதை வணிகமாக மாற்ற விண்ணப்பித்தால் பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். பேப்பரில் 'பொது அறிவிப்பு' என்று பொடி எழுத்தில் வரும் அந்தக் கட்டத்தைத்தான் நாம் வடை எண்ணெய் ஒற்றப் பயன்படுத்துகிறோம். பக்கத்து நிலத்துக்காரர் எழுத்தில் வாய் திறக்க முறையான வாய்ப்பு அந்தச் சில வாரங்கள்தான்.

வெளியே இருந்தால், வருவாய்த் துறை, வேளாண் துறை போன்றவற்றின் கருத்துகளோடு கோப்பு நகரும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியர் மட்டம் வரை விஷயம் போகும். இந்தக் கட்டத்தில்தான் 'இது மானாவாரி, ரொம்ப நாளா தரிசு' என்று கதை எழுதப்படும். தரிசா, இல்லையா என்பதை ஊர்க்காரர் சொல்ல முடியும். போன ஆடியில் அதே வயலில் சூரியகாந்தியோடு எடுத்த படம் யாருடைய போனிலாவது தேதியோடு இருக்கும்!

சர்வே நம்பர் தெரிந்தால் மற்றதைப் பார்ப்பது எளிது. பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் போனிலேயே பார்க்கலாம். அ-பதிவேட்டில் நஞ்சையா, புஞ்சையா, புறம்போக்கா என்பது இருக்கும். புல வரைபடத்தில் ஓடையோ வாய்க்காலோ வண்டிப்பாதையோ ஓடுகிறதா என்று பாருங்கள். இன்று மண் மேடாகக் கிடக்கும் ஒரு கோடு, காகிதத்தில் வாய்க்காலாக இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் இந்த வட்டாரத்துக்குச் சூடுபட்ட அனுபவம் உண்டு. குற்றாலம் சுற்றுப்பகுதியில் தனியார் விடுதிகள் சில, இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்குகின்றன என்று வழக்கு வந்து, அவற்றின் மீது நடவடிக்கை எடுக்கும்படி 2022-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. விடுதிகள் எழும்பி, அறைகள் நிரம்பி, இன்ஸ்டாகிராமில் வீடியோ வந்த பிறகுதான் 'தண்ணீர் எங்கிருந்து வருகிறது' என்ற கேள்வி கேட்கப்பட்டது.

மூன்று மாடியின் கணக்கு

சரி, நிலம் ஒத்துவந்துவிட்டது. கட்டடத்தை எப்படி அளக்கிறார்கள்?

அதற்கான புத்தகம், 2019 பிப்ரவரி 4-ம் தேதி வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். சென்னைக்கு ஒன்று, மற்ற ஊருக்கு ஒன்று, பஞ்சாயத்துக்கு ஒன்று என்று இருந்ததையெல்லாம் ஒன்றாக்கியது இது. இதன்படி 18.30 மீட்டர் உயரம் வரை இருப்பது உயரமில்லாத கட்டடம். அதற்கு எஃப்.எஸ்.ஐ எனப்படும் தளப்பரப்புக் குறியீடு 2. பெயர்தான் பயமுறுத்தும், கணக்கு எளிது. மனை 10 சென்ட் என்றால் 4,356 சதுர அடி. அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 8,712 சதுர அடி வரை எல்லா மாடியும் சேர்த்துக் கட்டலாம். 'மூணு மாடி' என்று சொல்லிவிட்டு நாலாவது மாடிக்குக் கம்பி நீட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் அந்த அளவு அப்படியே கைக்குக் கிடைத்துவிடாது. முன்னால், பின்னால், பக்கவாட்டில் காலியிடம் விட வேண்டும். சாலையின் அகலத்தையும் கட்டடத்தின் உயரத்தையும் பொறுத்து அது மாறும். வண்டி நிறுத்த இடம் வேண்டும். சாய்தளம், மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறை வேண்டும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே கட்டாயம்.

இதில் காலியிடம்தான் முதலில் களவு போகும். ஜெனரேட்டர், கேன்டீன் ஷெட், வாட்ச்மேன் ரூம் என்று ஒவ்வொன்றாக வந்து உட்காரும். அந்த இடம் ஏன் என்பதற்கு 2017 மே 31-ம் தேதியை நினைத்துக்கொள்ளலாம். சென்னை தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பிடித்த தீ, ஒரு நாளுக்கு மேல் எரிந்தது. கடைசியில் முழுக் கட்டடத்தையும் இடிக்க வேண்டியதாயிற்று. தீயணைப்பு வண்டி சுற்றிவர வேண்டிய இடமும் காலியிடத்துக்குள்தான் வருகிறது. மண்ணும் அப்படித்தான். 2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி சரிந்து 61 பேர் இறந்தார்கள். அது அடுக்குமாடிக் குடியிருப்பு என்றாலும், மண் பரிசோதனைக் காகிதத்தை வெறும் சம்பிரதாயமாகப் பார்ப்பவர்களுக்கு அந்த எண்ணிக்கையைச் சொல்லலாம்.

சிற்றூரில் அதிகம் பேசப்படாத கணக்கு ஒன்று இருக்கிறது: தண்ணீரும் கழிவும். தேசிய கட்டட விதித்தொகுப்பு ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் தண்ணீர் என்று வைக்கிறது. 100 பேர் என்றால் 4,500 லிட்டர். மூன்று நாளைக்கு ஒரு பெரிய டேங்கர் லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பேரூராட்சிக் குழாயிலிருந்து வருமா, அவர்கள் போடும் போரிலிருந்தா? போர் என்றால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு என்னவாகும்? வந்த தண்ணீரில் பெரும்பகுதி கழிவாக வெளியே போகும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் அது செப்டிக் டேங்க்தான். வரைபடத்தில் அந்த டேங்க் எந்த மூலையில் வரைந்திருக்கிறது என்பதைக் கிணற்றுச் சொந்தக்காரர் பார்த்தாக வேண்டும். மாடி எத்தனை என்பதைவிட முக்கியம் அது. மாடி அடைப்பது காற்றை மட்டும்தான்.

வயலுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஆபீஸுக்காக மனையை இரண்டடி மண் கொட்டி உயர்த்துவார்கள். ஐப்பசி மழையில் அந்த இரண்டடித் தண்ணீரும் தாழ்ந்த வயலுக்குத்தான் வரும்.

உடுப்பியில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர்

'அனுமதி கொடுத்துட்டாங்க, கோடிக்கணக்குல செலவும் பண்ணிட்டாங்க, இனிமே என்ன செய்ய முடியும்?' இது எல்லா ஊரிலும் கேட்கும் பெருமூச்சு. இதற்குப் பதில், கர்நாடகத்தின் உடுப்பியிலிருந்து வந்திருக்கிறது. வயது 50-ஐத் தாண்டிய பதில்.

உடுப்பி அப்போது சின்ன ஊர்தான். குடியிருப்புப் பகுதி ஒன்றில் கல்யாண மண்டபத்துக்கு என்று அனுமதி வாங்கினார் ஒருவர். பிறகு அதையே சினிமா தியேட்டராக மாற்ற விண்ணப்பித்தார். நகராட்சியும் சரி என்றது. ஊரின் நகரமைப்புத் திட்டப்படி அந்த இடத்தில் தியேட்டர் வரக் கூடாது என்று பக்கத்தில் குடியிருந்த ஒருவர் வழக்குப் போட்டார். நகராட்சியின் தீர்மானம் செல்லாது என்று ஒப்புக்கொண்ட உயர் நீதிமன்றம், கட்டடத்துக்குப் பெரும் பணம் செலவாகிவிட்டது என்பதைப் பார்த்து, அனுமதியை ரத்து செய்யாமல் விட்டுவிட்டது. உச்ச நீதிமன்றம் 1974-ல் அதை மாற்றியது. சட்டத்தை மீறிக் கொடுத்த அனுமதி, செலவு செய்ததாலேயே செல்லுபடியாகிவிடாது. வரி கட்டும் குடியிருப்பாளருக்கு, நகராட்சி தன் கடமையைச் செய்யும்படி கேட்க உரிமை இருக்கிறது. இதுதான் தீர்ப்பின் சாரம். கட்டட விதிமீறல் வழக்குகளில் வக்கீல்கள் இன்றும் இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள்.

நம் மாநிலத்தில் நடந்தது கொஞ்சம் வேறு மாதிரி. விதிமீறல்கள் பெருகிப்போனதும் 1998-ல் சட்டத்திலேயே 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தினார்கள். 'ஒரே ஒரு முறை' என்று சொல்லித்தான் தொடங்கியது. பிறகு 113-சி வந்தது. 'கட்டிடு, அப்புறம் பாத்துக்கலாம்' என்று மேஸ்திரிகள் தைரியமாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தத் தைரியத்தைக் குறைக்கும் தீர்ப்பு 2024 டிசம்பர் 17-ல் வந்தது. உத்தரப்பிரதேசத்தின் மீரட்டில், குடியிருப்புக்காக ஒதுக்கிய மனையில் அனுமதியில்லாமல் கடைகள் கட்டிய வழக்கு. நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, இடிக்கும் உத்தரவை உறுதி செய்ததோடு நிற்காமல், நாடு முழுமைக்கும் சில கட்டளைகள் போட்டது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கட்டுமானம் நடக்கும் காலம் முழுக்கத் தளத்திலேயே எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது போய்ப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். பணி நிறைவுச் சான்றைக் காட்டினால்தான் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்பு. அனுமதியில்லாத கட்டடத்தில் தொழில் நடத்த உரிமம் தரக் கூடாது. வங்கிகளும் சான்றைச் சரிபார்த்துத்தான் கடன் தர வேண்டும்.

முதல் கட்டளையைத் திரும்பப் படியுங்கள். பால் பாத்திரத்தோடு நின்ற அந்த அம்மா இனி ஜேசிபிகாரரிடம் கேட்க வேண்டியது, 'பிளான் எங்கே வெச்சிருக்கீங்க?' என்பதுதான். வைக்கவில்லை என்றால் பேரூராட்சி அலுவலகத்தில் செயல் அலுவலருக்கு ஒரு மனு கொடுக்கலாம். மனுவில் சர்வே நம்பர், தெருப்பெயர், வேலை தொடங்கிய தேதி மூன்றும் இருந்தால் போதும். நகல் ஒன்றை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் அனுப்பிவைக்கலாம். அனுமதியில்லாமல் கட்டுவதை நிறுத்தவும் சீல் வைக்கவும் 1971 சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் அதிகாரம் இருக்கிறது. வாயால் சொன்னதற்குப் பதில் வராது. எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

அனுமதி இருக்கிறது, ஆனால் காட்ட மாட்டேன் என்கிறார்களா? தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம். 30 நாளில் பதில் தர வேண்டும். 'அனுமதி தந்தீர்களா' என்று மட்டும் கேட்டால் 'ஆம்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். திட்ட அனுமதி ஆணை, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், தள ஆய்வுக் குறிப்பு, நிலப் பயன்பாட்டு மாற்ற ஆணை என்று நான்கின் நகலையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

கட்டுபவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சொந்த ஊரில் பத்துப் பேருக்கு வேலை கொடுக்கலாம் என்று வெளிநாட்டிலிருந்து திரும்பும் ஒருவர், ஒரு வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு எத்தனை படி ஏறுவார்? இப்போது ஒற்றைச் சாளர இணையதளம் வந்திருக்கிறது. அதுவும் ஓரளவுக்குத்தான். அவர் முறையாகப் போய் மாதக்கணக்கில் காத்திருக்கும்போது, எதிர்ச்சாரியில் அனுமதியே வாங்காதவர் கிரகப்பிரவேசம் நடத்திவிடுகிறார். ஊர்க்காரர்கள் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியது இந்த இரண்டாமவரை. நடப்பதோ தலைகீழ். முறையாக விண்ணப்பித்தவருக்குத்தான் 'வயலை அழிக்கிறான்' என்று மொட்டைக் கடிதம் போகிறது. விண்ணப்பிக்காதவருக்கு எதிராகப் போட, கோப்பே இல்லையே!

முற்றத்து வெயில் போச்சே?

இந்த மாதிரி விஷயங்களில் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் ஒன்று: "எங்க வீட்டுக்குக் கிழக்கே மாடி கட்டிட்டாங்க. காலை வெயிலே வரலை. வத்தல் காயப்போட முடியலை. இதுக்கு வழி இருக்கா?"

திட்ட அனுமதி விதிகளில் உங்கள் முற்றத்து வெயிலுக்கென்று தனி வரி இல்லை. பக்கவாட்டுக் காலியிடம் சரியாக விட்டிருந்தால் அதிகாரி அதோடு முடித்துக்கொள்வார். ஆனால், 1882-ம் வருடத்து இந்திய வசதியுரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் போட்டது, இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் 15-வது பிரிவின்படி, ஒரு கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தையும் காற்றையும் 20 வருடம் தடையில்லாமல், அமைதியாக அனுபவித்து வந்திருந்தால் அது உரிமையாகிவிடும். வெறும் மனைக்கு இது பொருந்தாது, கட்டடம் இருக்க வேண்டும். வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது என்பதும் போதாது. வீட்டில் இருக்கவே சிரமம் என்ற அளவுக்குப் பாதிப்பு இருக்கிறது என்று காட்ட வேண்டும்.

அதற்குப் பேரூராட்சியில் மனு கொடுத்துப் பயனில்லை. போக வேண்டிய இடம் உரிமையியல் நீதிமன்றம். வீடு 20 வருடமாக அங்கே நிற்கிறது என்பதைக் காட்டப் பழைய வீட்டு வரி ரசீதுகள் கைகொடுக்கும். ஆச்சியின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் தேடிப் பார்க்கலாம்.